புறாத்தீவுக்கு ஒரு காலை போதும்

திருகோணமலைக்கு விடுமுறைப் பயணம் என்றால் விளம்பரப் படங்களில் முதலில் நிற்பது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், வள்ளத்தில் சில நிமிடங்கள். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு ஆழமில்லாத நீரில் குப்புற மிதந்தாலே முருகைக்கல்லும் வண்ணமீன்களும் தெரியும். கோயிலும் கோட்டையும் மாலைக் கடற்கரையும் கொண்ட நகரம் அந்தப் படங்களில் இலவச இணைப்பாகத்தான் வருகிறது. இந்த வரிசை எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் தீவின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிரித்தானியக் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்த இடம் இது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடேறித் தென்மேற்கே ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் வெளுத்து மடிந்தபோது, திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களை, தொந்தரவு செய்யாதவரை நமக்குத் தீங்கு நினைக்காத அவற்றை, ஆழ்கடலுக்குப் போகாமலே இங்கு பார்க்கலாம். மூழ்கிப் பழகாதவருக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்த அருகாமையே இதன் கேடும். எளிதில் போய்விடலாம் என்பதால் எல்லோரும் போகிறார்கள். பள்ளி விடுமுறையில் வள்ளங்கள் வரிசைகட்டும். மிதவைச் சட்டை அணிந்த, நீந்தத் தெரியாத ஒருவர் தடுமாறினால் கால் ஊன்றும் இடம் உயிருள்ள முருகைக்கல். கிளைவிட்டு வளரும் வகை ஆண்டுக்குச் சில அங்குலம் எழும்பும். பாறைபோல் திரண்டு வளரும் வகைக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிய வளர்ச்சி. ஒரு மிதி எத்தனை ஆண்டுக் கணக்கை அழிக்கிறது என்று பாருங்கள். தொடாதே என்று பலகை வைத்தால் போதாது. தண்ணீருக்குள் நின்று தடுக்க ஆள் வேண்டும். வெளிநாட்டவரிடம் உள்ளூரவரைவிடப் பன்மடங்கு நுழைவுக்கட்டணம் வாங்கும் பூங்காவிடம் இதை எதிர்பார்ப்பது பேராசை அல்ல. வள்ள வாடகை வேறு; தனியாகப் போகிறவருக்கு அது கனக்கும்.

நகரத்துக்கு வருவோம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1622இல் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. பின்னாளில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாசலில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இன்றும் இருக்கிறது. படையினர் இருக்கும் அதே கோட்டைக்குள் நடந்துதான் கோயிலுக்கு ஏற வேண்டும்; வழியெல்லாம் புள்ளிமான்கள், சில பொலித்தீன் பையை முகர்ந்தபடி. மேலே இருப்பது கடந்த நூற்றாண்டில் எழுந்த கோயில். பழமையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். பழமை கிடப்பது கீழே, கடலுக்குள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் மூழ்கியபோதுதான் பழங்கோயிலின் இடிபாடுகள் அவர்கள் கண்ணில் பட்டன. மீன் பார்க்க முகமூடி அணிகிறவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது? வள்ளக்காரரும் சொல்வதில்லை, விடுதிக்காரரும் சொல்வதில்லை. கடலடியும் நகரமும் ஒரே கதையாக இருக்கும் ஊரில் இரண்டையும் பிரித்து விற்பதுதான் இந்தப் பயணத்தின் பெரிய குறை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். டச்சுக் குடாவின் மாலை அப்படியல்ல. உள்ளூர்க் குடும்பங்கள் காற்று வாங்க வரும் கரை அது. பயணிக்காக எதுவும் நடத்திக் காட்டப்படுவதில்லை. அதனாலேயே அங்கு உட்கார்ந்திருக்க முடிகிறது.

எது தலை, எது வால் என்பதற்கு வாடைக்காற்றே சோதனை. மார்கழியில் கடல் கொந்தளிக்க, புறாத்தீவுக்கு வள்ளம் ஓடாது. அப்போதும் மழைக்கு நடுவே கோட்டை, கோயில், துறைமுகம் என்று இரண்டு நாள் அலையலாம், வீணாகாது. நகரத்தை நீக்கிவிட்டு நிலாவெளியில் மட்டும் தங்கினால் கிடைப்பது எந்த நாட்டிலும் கிடைக்கும் விடுதிக் கரைதான்.

ஆகவே மே முதல் செப்டெம்பர் வரைக்குள், வாரநாளொன்றில், முதல் வள்ளத்தில் புறாத்தீவு. வெயில் ஏறுமுன் திரும்பல். மிச்ச நாளெல்லாம் நகரம். தங்குவதும் நகருக்குள் அல்லது நகரை ஒட்டிய உப்புவெளியில். நீந்தத் தெரியாதவர் தீவை விட்டுவிடலாம். அவருக்கும் நட்டமில்லை, முருகைக்கல்லுக்கும் இலாபம்.