குத்துச்சண்டையில் காலும் காலமும்

குத்துச்சண்டையைப் பார்ப்பவன் கையைப் பார்க்கிறான். பயின்றவன் காலைப் பார்க்கிறான். 2021இல் பா. ரஞ்சித் நெறிப்படுத்திய ‘சார்பட்டா பரம்பரை’ இவ்வேறுபாட்டை உணர்ந்த திரைப்படமாதலால், அதனைக் காலின் வழியாக ஆராய்வது தகும்.

வடசென்னையின் உழைக்கும் மக்கள், வெள்ளையரிடமிருந்து வந்த ஆட்டத்தைச் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் வகுத்துத் தமதாக்கிக்கொண்டமை வரலாறு. இலங்கையில் இக்கலை வேறு வழிச் சென்றது. இங்கு ஸ்டப்ஸ் கேடயத்திற்காகப் பொருதியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு அடுத்தபடியாகப் படையினர் பயின்றனர். அப்புத்தளைக்கு அண்மையில் தியத்தலாவையிலே படைமுகாம் இருந்தும், தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த அரங்கின் கயிறு பெரும்பாலும் எட்டவில்லை. பரம்பரை என்ற சொல்லை நாம் சற்றுப் பொறாமையுடனேயே கேட்கவேண்டியிருக்கிறது.

படத்தில் வேம்புலி பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி, எதிரியை மூலைக்கு நெருக்கி இடிப்பவன். டான்சிங் ரோஸ் இதற்கு நேர்மாறானவன். கைகளைத் தாழ்த்தி, தலையை இலக்காக நீட்டி, குத்து வந்து சேரும் கணத்தில் அதனை அவ்விடத்திலிருந்து அகற்றிவிடுகிறான். அவனது இடுப்பும் முழங்காலும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. இவ்வாட்டம் இங்கிலாந்தின் நசீம் ஹமீதை நினைவூட்டுவதைப் பலரும் கூறினர், உண்மைதான். ஆனால் ஹமீத் பிறந்ததே 1974இல். நெருக்கடி நிலைக்காலக் கதையொன்றில் 1990களின் கால்கள் ஆடுகின்றன! இதை நான் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. என் குறை வேறு.

ஷெஃபீல்டில் ஏமன் நாட்டுக் குடும்பத்திற் பிறந்த ஹமீதின் கால்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. பிரெண்டன் இங்கிள் என்ற பயிற்றுநர் தமது கூடத்தின் தரையிலே கோடுகள் வரைந்து, அவற்றின்மேல் சிறுவர்களை ஓயாது நடக்கவிட்டார். அந்நடையே 1995இல் ஹமீதுக்கு உலகப் பட்டத்தை ஈட்டித்தந்தது. 2001இல் மார்க்கோ அந்தோனியோ பரேரா அவ்வாட்டத்திற்கு மயங்காது, பொறுமையாக இடக்கையால் அளந்து அளந்து குத்தி அவரை வென்றார். ரோஸின் கால்கள் எத்தெருவில், எவ்வாத்தியாரிடம், எத்தொழிலுக்கிடையே பழகின? கபிலனுக்குத் தாயும் மனைவியும் துறைமுக வேலையும் உண்டு. படத்தின் மிகச் சிறந்த கால்களுக்கு உரியவனுக்கோ வீடும் இல்லை, கூலியும் இல்லை. உழைப்பைப் பேசும் படம் அவனை வெறும் அதிசயமாக விட்டுவிட்டது.

கபிலனிடத்து இக்குறை இல்லை. அவன் காலின் கதை முகம்மது அலியின் கதைக்கு அருகில் வருகிறது. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்த அலியிடமிருந்து 1967இல் பட்டத்தைப் பறித்தனர். மூன்றரை ஆண்டுகள் அரங்கேற விடவில்லை. பறிபோனவை அவருடைய கால்களின் நல்ல ஆண்டுகள். 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைச் சந்தித்தபோது அவர் வட்டமிட்டு ஆடிக் களைக்கவில்லை. கயிற்றிலே சாய்ந்து அடிகளை வாங்கி, எதிரியைக் களைப்பித்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதை வெறும் தந்திரமென்று புகழ்வோர், ஏன் அத்தந்திரம் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. கபிலனை அரங்கிலே ஆடை களைந்து அவமதித்த சாதிவெறியும், பின்வந்த சிறையும் சாராயமும் அவன் கால்களைத் தின்றன. தொந்தி சரிந்த அவ்வுடலைக் காட்ட ஆர்யா தயங்காதது பாராட்டுக்குரியது.

ஆயின் இழந்த காலை மீட்பது அவ்வளவு எளிதா? பீடி ராயப்பனுடன் கடற்கரையில் ஒரு பாட்டின் நேரம் ஓடினால் ஆண்டுகள் திரும்பிவிடுகின்றன. அலிக்கே திரும்பாதவை! இறுதிப் போட்டியில், என் கண்ணுக்கு, முகமும் முட்டியும் குருதியுமே மிகுந்து தெரிகின்றன. ரோஸுடன் நடந்த போட்டியில் உடல் முழுவதையும் காட்டிய படப்பிடிப்பு, இங்கே இடுப்புக்கு மேலேயே அதிகம் தங்கிவிடுகிறது. கபிலன் வேம்புலியை எவ்வடி வைத்து நெருங்கினான் என்பதை மாணவனொருவன் கேட்டால், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் விடை சொல்வது கடினம்.