இரு நூல்களும் ஒரு பாதையும்

விரிஞ்சிபுரம் போன்ற பாலாற்றங்கரை ஊரார்க்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நோய் தீர்க்கும் இடம். அது உலகிற்குக் கற்பித்த இடமுமாகும் என்பதை, டாரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய இரு வரலாறுகளைச் சேர்த்துப் படிப்போர் உணர்வர்.

‘டேக் மை ஹேண்ட்ஸ்’ (1963) டாக்டர் மேரி வர்கீஸின் வரலாறு. 1954இல் நேர்ந்த வாகன விபத்தால் கால்கள் செயலற்ற அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார்.

‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’ (1965) டாக்டர் பால் பிராண்டைப் பற்றியது. 1946இல் கற்பிக்க வந்த அவர், இங்கே கற்றவருமானார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி உணராமையால் காயமுற்றே அழிகின்றன என்று உடன் பணிபுரிந்தோரோடு கண்டறிந்தார். நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1966இல், அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்ற பாடம் அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கவும் உதவிற்று.

நூலாசிரியை தனிமனிதரின் துணிவையே முன்னிறுத்துகிறார். வாழ்க்கை வரலாற்றுக்கு அது இயல்பே. ஆயினும், தம் கைகளையே பாடநூலாகத் தந்த நோயாளர் தலைப்புகளில் இடம்பெறவில்லை. இப்பரிமாற்றத்தில் அவர்களும் ஆசிரியரே.

இன்று கல்லூரிகள் வெளிநாட்டு ஒப்பந்தங்களை எண்ணிப் பெருமை கொள்கின்றன. கேட்கத்தக்க வினாக்கள் இரண்டே: சென்றவர் கற்றது இவ்வூர்க்குப் பயன்பட்டதா? வந்தவர் நம்மிடம் எதையேனும் கற்றாரா? இரண்டிற்கும் ‘ஆம்’ என்று கூற இயலாத உறவு கூட்டுறவன்று; ஒருவர் கொடுக்க மற்றவர் ஏற்கும் தருமமே.