தெமோதரைச் சுற்று

இலங்கை மலையகத்தின் தெமோதரை ரயில் நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்ல ஊர்ப் பக்கமிருந்து இறங்கிவரும் ரயில் அங்கே நின்று புறப்பட்டு, மலையை ஒரு வட்டம் சுற்றி, அந்த நிலையத்துக்கே நேர் கீழே குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போகும். சற்று முன் நின்ற மேடை இப்போது நம் தலைக்கு மேலே இருக்கும். 1924இல் பதுளைவரை பாதை போட்ட நாளிலிருந்து இப்படித்தான். ஆங்கில டிப்ளோமா வகுப்புக்காகச் சனிக்கிழமை தோறும் இரண்டு வருடம் இந்தச் சுற்றில் போய்வந்தேன். மடியில் புத்தகம் விரித்திருப்பேன். சுரங்கம் வந்ததும் எழுத்து இருண்டுவிடும். படித்த கடைசி வரி மட்டும் இருட்டில் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாசிக்கப் பழகியது அந்த இருட்டில்தான் என்று சில நேரம் தோன்றும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆங்கிலம் என்றால் ஆபீசிலிருந்து வரும் காகிதம். தோட்டத் துரை எழுதுவார், கிளாக்கரையா படித்துச் சொல்வார், நாங்கள் கேட்டுக்கொள்வோம். அதற்கு முந்திய தலைமுறைகளுக்குத் 'துண்டு' இருந்தது. இன்னின்ன ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனோடு சேர்த்து ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிவிட்ட அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. தன் தலையெழுத்தைத் தானே படிக்க முடியாமல் மடியில் முடிந்துகொண்டு மலையேறியவர்களின் பேரன் நான். ஆங்கிலப் புத்தகத்தை விரித்தபோது எனக்கு முதலில் வந்தது ஆசையில்லை, பயம்தான்.

அந்தப் பயத்தைத் தெளிவித்தது ஒரு தாள். ஆங்கில வகுப்பு மிஸ் ஒரு நாள் பெயர் போடாத ஒரு கவிதைப் பகுதியைக் கொடுத்து, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்காமல் வாசிக்கச் சொன்னார். இந்தப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களிடம் பெயரில்லாத கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை ஆராய்ந்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். அதே கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய லூடோவைக் என்பவர் கொழும்பில் ஆங்கிலப் பேராசிரியராகி ஒரு தலைமுறையையே நுணுகி வாசிக்கப் பழக்கினார். அந்தப் பழக்கம் எத்தனையோ கைமாறிப் பதுளையில் ஒரு தகரக் கூரை வகுப்புக்கும் வந்து சேர்ந்திருந்தது. கவிஞர் பெரியவரா, அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டுமா என்ற கவலை எதுவும் இல்லை. சொல் மட்டுமே முன்னால் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

தொட்டேன். விடியலில் கொட்டுச் சத்தம், கொழுந்து மலை, தேயிலைக்கடியில் கல்லும் பெயருமின்றிக் கிடக்கும் மூத்தவர்கள். இது நம்ம மலையல்லவா என்று நெஞ்சு படபடத்தது. வகுப்பு முடிகிற நேரத்தில்தான் மிஸ் பெயரைச் சொன்னார். சி. வி. வேலுப்பிள்ளை.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போனவர் அவர். தேயிலையைக் குடிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று நினைத்தவர்போல முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். மிஸ் கொடுத்த பகுதி வரும் நெடுங்கவிதையைச் சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். அது 1969இல் வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த அந்த மாதத்தை நான் மறக்க மாட்டேன். கொட்டுக்கு ஆங்கிலத்தில் 'டொம் டொம்' என்பார்கள். கேட்க இனிமையான சொல், தூரத்து நாட்டுச் சத்தம்போல ஒலிக்கும். எங்களுக்கு அது தப்பு. விடியற்காலை பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, எழுப்பியதும் தப்பு, காமன்கூத்துக்கு ஆட வைத்ததும் தப்பு, சாவு வீட்டிலிருந்து முன்னே நடந்ததும் தப்பு. ஆங்கில வாசகர் காதில் விழுவது ஒலி மட்டும்தான். என் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, அது கட்டளை, கொண்டாட்டம், ஒப்பாரி மூன்றும். எந்தச் சொல்லின் அடியில் எவ்வளவு கிடக்கிறது என்பதை, அதை இன்னொரு மொழியில் பறிகொடுத்த பிறகே கண்டுகொண்டேன்.

சி.வி.யும் ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார், 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' என்று தமிழில் நாவல்கள் எழுதினார். சுற்றிப் போய்த் தன் மலைக்கு அடியிலேயே வந்து சேர்ந்த அந்தப் பயணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பழகியதில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. தெரியாத சொல்லைத் தேடுகிறவன் ஒரு கட்டத்தில் தெரிந்த சொல்லையும் தேடத் தொடங்குவான். ஒரு நாள் எங்கள் வீட்டையே தேடினேன். 'லயன்' ஆங்கிலேயர் விட்டுப்போன 'லைன்', வரிசையாய்க் கட்டியதால் வந்த பெயர். 'காம்பிரா' போர்த்துக்கீசரின் 'காமரா', அறை. 'இஸ்தோப்பு' ஒல்லாந்தரின் 'ஸ்தூப்', வாசல் திண்ணை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் மூன்று பேரரசுகள் குடியிருந்திருக்கின்றன! சொல்லும்போது இப்போதும் சிலிர்க்கிறது. அன்று இரவு அப்பாயியிடம் சொன்னேன். "அவுங்கெல்லாம் இருந்துட்டுப் போனாங்க சாமி, நாமதான இன்னும் இருக்கோம்" என்றது.

ஆங்கிலத்தில் மெதுவாக வாசிக்கப் பழகிய கண்ணோடு தமிழுக்குத் திரும்பியபோது, ஏற்கெனவே படித்தவை எல்லாம் படிக்காதவை ஆகிவிட்டன. தெளிவத்தை ஜோசப்பை அப்படித்தான் இரண்டாம் முறை கண்டேன். 1934இல் ஹாலி-எலைக்குப் பக்கத்தில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் ஊவா மண்ணின் எழுத்தாளர். 'மீன்கள்' கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது 'லய வாழ்க்கையின் அவலம்' என்று ஒரு வரியில் குறிப்பெடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இப்போது படித்தால், அந்தக் கதை இட நெருக்கடியைப் பற்றிப் பேசவில்லை, நம்மை அந்த ஒற்றைக் காம்பிராவுக்குள் படுக்க வைக்கிறது. சொல்லாமல் விட்ட இடங்களில்தான் மூச்சு முட்டுகிறது. 'அவலம்' என்ற சொல்லை எழுதி அவலத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஜோசப் அப்படித் தாண்டிப் போக விடுவதில்லை. மலையகச் சிறுகதையில் அவருக்கு இணையாக இந்தக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்டவர் என்றால் 'ஒரு கூடைக் கொழுந்து' எழுதிய என்.எஸ்.எம். ராமையாவைத்தான் சொல்வேன்.

எழுத்துக்கு வருகிறேன். முதல் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், எங்கள் தோட்டத்தைப் பற்றி. 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல' என்று தொடங்கியிருந்தேன். மலையகம் என்றால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவோம். மிஸ் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். எங்கே நின்று பார்த்தால்?

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. கம்பளம் தெரிவது ரோட்டிலிருந்து, பஸ் ஜன்னலிலிருந்து. நிரைக்குள் நிற்கிறவருக்குக் கம்பளமே கிடையாது. இடுப்புக்கு மேலே ஈரச் செடி, இடுப்பைச் சுற்றிப் படங்கு, காலில் அட்டை, முன்னால் மட்டக்கம்பு. கம்பைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். அப்பாயியின் இரண்டு கையும் தனித்தனியே வேலை செய்யும், கண் அடுத்த செடியில் இருக்கும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறியும். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே கொங்காணியில் பதிந்து, மாலையில் கழற்றும்போது தலையில் ஒரு பள்ளம் இருக்கும். இவ்வளவும் நான் பிறந்ததிலிருந்து பார்த்தவை. ஒன்றுகூட என் கட்டுரையில் இல்லை. சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் இருந்தும் தோட்டத்தை வெளியாள் கண்ணால் எழுதியிருந்தேன்.

திருப்பி எழுதினேன். ஆறு பக்கம் இரண்டு பக்கமானது. ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் அடிக்கும். வறண்ட காற்று. கொழுந்து குறைந்துபோகும், கூடை நிறையாது. ஆனால் உலகம் ஊவாத் தேயிலையைத் தேடி வருவதே அந்த மாதங்களின் இலைக்காகத்தான். காற்றில் வாடி வருந்துகிற இலைக்குள் ஊறும் அந்தக் குளிர்ந்த காரமணத்தை நாக்கில் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடும் ருசிபார்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆறு பக்கத்தைக் குறைத்த அந்த வாரம் வெளியே கச்சான்தான் அடித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பருவத்துக்கு அப்பாயியைப் பற்றியே எழுதினேன். காய்ச்சலோடு மலைக்குப் போய், மதியத்துக்குமேல் முடியாமல் திரும்பிய ஒரு நாள். நிறுவையில் கொழுந்து குறைந்ததால் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பாதி நாள் கூலியான அரைப்பேர் விழுந்ததாக வீட்டில் எப்போதோ பேசக் கேட்டிருந்தேன், அதையே எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் எழுதப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் அது கிடந்தது எனக்கு உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து தமிழில் எழுதி, இஸ்தோப்பில் வைத்து வாசித்துக் காட்டினேன்.

அப்பாயி வெற்றிலையை மென்றபடி கேட்டது. கயிற்றுப் பள்ளம் வந்த இடத்தில் தலையைத் தடவிக்கொண்டது. நான் முடித்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த நிறுவை வர்ற எடத்த இன்னொருக்கா படி" என்றது.

படித்தேன்.

"அரப்பேருன்னு எழுதியிருக்க. அன்னிக்கு எனக்குப் பேரே போடல, சாமி."

பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினேன்.