ஐந்தெழுத்தா, பத்தெழுத்தா?

‘புதுச்சேரி’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஐந்து என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். கணிப்பொறியைக் கேட்டால் பத்து என்கிறது. சில பழைய நிரல்கள் முப்பது என்கின்றன. யுனிகோடு முறையில் ‘பு’ என்பது பகரத்திற்கு ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று என இரண்டு குறியீடுகள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு நிரல் குறியீட்டை எண்ணுகிறது. மற்றொன்று பைட்டை எண்ணுகிறது. இரண்டுமே எழுத்தை எண்ணவில்லை.

இப்பிழை எவ்வளவு தூரம் பரவும் என்பதைக் காண, முழுக்க முழுக்கச் சொற்களாலேயே ஆன ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ விளையாட்டில் படங்கள் கிடையா. இடத்தின் வருணனை திரையில் எழுத்தாக வரும். பலரும் ஒரே நேரத்தில் தத்தம் கட்டளைகளைத் தட்டெழுதி ஆடுவர். 1989-இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் பென்ஷோ, விளையாட்டை ஓட்டும் இயக்கியை வேறாகவும், இடங்களையும் பொருள்களையும் படைக்கும் நிரல் நூலகத்தை வேறாகவும் பிரித்தார். சொல்லைப் பன்மையாக்குவது, முதலெழுத்தைப் பெரிதாக்குவது, நீண்ட வரியை மடிப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கென இவற்றில் உதவிச் சார்புகள் உண்டு.

இந்த அமைப்பு பாராட்டத்தக்கது. ஒரு வேலைக்கு ஒரே இடத்தில் ஒரு சார்பு. அதைத் திருத்தினால் விளையாட்டு முழுவதும் திருந்திவிடும். ஆயின் ‘எல்லாருக்கும் பொது’ என்று வழங்கும் இச்சார்புகள் உண்மையில் பொதுவானவைதாமா? அங்கேதான் குறை இருக்கிறது.

பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்தருகே, ஒரு விளக்கு கிடப்பதாக நீங்கள் ஒரு விளையாட்டை எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். ஆடுபவர் ‘விளக்கை எடு’ என்று தட்டெழுதுகிறார். கட்டளையின் முதற்சொல்தான் வினை என்பது பழைய இயக்கிகளின் எண்ணம். ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும். எனவே இயக்கி ‘விளக்கை’ என்றொரு வினையைத் தேடும். தமிழில் வினை கடைசியில் வரும் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

வினையைச் சரியாகக் கண்டுகொண்டாலும் தொல்லை தீராது. நூலகத்தில் உள்ள பெயர் ‘விளக்கு’; ஆடுபவர் சொன்னதோ ‘விளக்கை’. ஆங்கிலப் பெயர்ச்சொல் இவ்விடத்தில் உருமாறுவதில்லை. நம் மொழியில் மரம் மரத்தை ஆகும்; வீடு வீட்டை ஆகும். ஆறு என்பது நதியானால் ஆற்றை, எண்ணானால் ஆறை! எழுத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. சொல்லின் பொருளும் அகராதியில் இருக்க வேண்டும்.

பன்மைக்கு ‘கள்’ ஒட்டினால் போதாதா என்பீர்கள். ஒட்டிப் பாருங்கள்: மரம்கள், கல்கள், பூகள். மரங்கள், கற்கள், பூக்கள் என்று தருவதற்குப் புணர்ச்சி விதிகளை நிரலாக்க வேண்டும். இது பேராசையன்று. ஆங்கிலத்துக்கும் ‘ஃபுட்’ என்பது ‘ஃபீட்’ ஆகும் என்பது போன்ற விலக்குகளை ஒருவர் பொறுமையாக எழுதித்தானே வைத்தார்? அந்தப் பொறுமையை நம் மொழிக்கு நாம் இன்னும் போதிய அளவு செலவிடவில்லை என்பதே என் குறை.

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவுகோலை எடுத்ததும் சுழிப்பிழையைப் பார்க்கச் சொல்கிறோம். அப்பிழை மாறாதது, கணக்கிட்டுக் கழித்துவிடலாம். சொல்நீளச் சார்பின் பிழை அப்படியன்று. ‘புதுச்சேரி’யில் ஐந்து கூடுகிறது, ‘கடல்’ என்பதில் ஒன்று கூடுகிறது, ‘பட’ என்பதில் பிழையே இல்லை. ஆகவே திருத்தம் கூட்டிக் கழித்துப் பயனில்லை. கருவியையே மாற்ற வேண்டும். இல்லையேல் வரியை மடிக்கும் சார்பு மூன்று குறியீடுகளோடு வெட்டி, நம் ஊரைப் ‘புத’ என்று நிறுத்திவிடும்.

மாற்றம் தொடங்காமல் இல்லை. பைத்தான் மொழிக்கான ஓப்பன்-தமிழ் தொகுப்பில், சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் சார்பு உண்டு. அதனால் எண்ணிக்கைச் சிக்கல் தீர்கிறது. ஆனால் எழுத்தை எண்ணுவது முதற்படியே. வேற்றுமை, புணர்ச்சி, ‘வந்தான், வந்தாள், வந்தார், வந்தது’ என்னும் வினைமுற்று வேறுபாடு ஆகியவை அதற்கு மேற்பட்ட படிகள்.

நிரல் எழுதும் மாணவர்களே, இந்நூலகங்களின் அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். சார்புகளை மட்டும் சோதிக்காமல் நம்பாதீர்கள். எந்தச் சார்பையும் பயன்படுத்துமுன் ‘புதுச்சேரி’ என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து என்று விடை வந்தால், அடுத்துக் ‘கல்’லைக் கொடுத்துப் பன்மை கேளுங்கள்.