சிவப்புக் கொடி

பரணிலிருந்து பழைய செஸ் கடிகாரத்தை இறக்கித் துடைத்தேன். இரண்டு முகம், தலைமேல் இரண்டு பொத்தான். நம்முடையதை அழுத்தினால் நம் முள் நின்று எதிராளியின் முள் ஓடத் தொடங்கும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள சின்னச் சிவப்புக் கொடி. கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் பெரிய முள் அதை மெல்லத் தூக்கும். பன்னிரண்டைத் தொட்டதும் சட்டென்று விழும். டிஜிட்டல் கடிகாரம் நொடிகளைச் சரியாகச் சொல்லும்தான். வயிற்றைப் பிசைவது என்னவோ கொடிதான்.

இருபது வருடம் வார இறுதிப் போட்டிகளில் ஆடினேன். கல்யாண மண்டபம், நீள மேஜை, சுருட்டி எடுத்துப்போகும் ரெக்சின் பலகை. ரேட்டிங் 1600-ஐத் தொட்டது, பிறகு இறங்கியது. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதன்பின் சென்னையில் வளர்ந்த தலைமுறைகள் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கின்றன. கடைசியாக ஒரு பத்து வயதுப் பையன். தரை எட்டாத காலை ஆட்டிக்கொண்டே, யானைகள் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் என்னைப் பிழிந்தெடுத்தான். எனக்குக் கோபமே வரவில்லை. ஆசை வடிந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

ஆனால் ஆட்டம் முடிந்தபின் காய்களை மறுபடி அடுக்கி, “இங்கே குதிரையை வைத்திருந்தால்?” என்று தோற்றவனும் ஜெயித்தவனும் பேசும் அரைமணி நேரத்தின் ருசி போகவில்லை. அதற்காகவே ஞாயிறுதோறும் எதிர்வீட்டுப் பெரியவரோடு ஆடுகிறேன்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும் ஓடுகிறது.