பழைய துவக்குக்குப் புதுக் குழல்

கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு 1900இல் எழுந்தது சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர். மலைநாட்டுத் தோட்டத் துரைமாரின் தொண்டர் படை அது. போவர் போருக்கு ஆள் அனுப்பியது. 1914 ஒக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறிய அதன் அணி, அடுத்த வருடம் கலிப்போலி வரை போனது. 1949இல் படை கலைக்கப்பட்டது. அந்த அரை நூற்றாண்டு முழுவதும் பிரித்தானியக் காலாட்படையின் ரவை .303தான். அதைச் சுட்ட லீ-என்ஃபீல்ட் றைபிள்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு யோசனை தவறாமல் எழும்: குழல் தேய்ந்திருந்தால் கழற்றிவிட்டு, இன்று எளிதில் கிடைக்கும் 7.62 மி.மீ. ரவைக்கு ஒரு புதுக் குழலைப் பூட்டினால் என்ன?

உலகில் பல இடங்களில் செய்து பார்த்த வேலை இது. ஆனால் குழலை மட்டும் மாற்றுகிறவர் துவக்கைக் கெடுக்கிறார் என்பதே என் கருத்து. துவக்கு முழுவதையும் திரும்ப யோசித்தவர்களுக்குத்தான் இது கைகூடியிருக்கிறது.

முதலில் நியாயத்தைச் சொல்ல வேண்டும். குழல் தேயும் பொருள். அதை மாற்றுவதில் பிழையே இல்லை. லீ-என்ஃபீல்ட் பிறந்ததே அப்படித்தான். அதற்கு முன் 1888இல் வந்த லீ-மெட்ஃபோர்ட் றைபிளின் ஆழமில்லாத வரிப்பள்ளங்கள் கரும்பொடி வெடிமருந்துக்கு ஏற்றவை. கோர்டைட் என்ற புது மருந்தின் சூடு அவற்றைச் சீக்கிரமே அரித்துவிட்டது. 1895இல் ஆழமான ஐந்து பள்ளங்களோடு வேறு குழல் வந்தது. போல்ட்டும் ரவையும் பழையனவே. ஈரலிப்பான மலைநாட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய ரவைகளின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் அது உப்பாகக் குழலுக்குள் படியும். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். எண்ணெய்த் துணி அந்த உப்பைக் கரைக்காது, கொதிநீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். கழுவாமல் விட்ட குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உட்சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் தெரியும். அத்தகைய துவக்குக்கு அதே .303 குழலைப் பூட்டுவது வைத்தியம்.

வேறு ரவைக்குப் போகும்போது கணக்கே மாறுகிறது. .303இன் வெற்றுக் கோது ஏறக்குறைய 56 மி.மீ. நீளம், 7.62 நேட்டோவினது 51 மி.மீ. ஆகவே பழைய அறையைக் கடைந்து பெரிதாக்கி ஒப்பேற்ற முடியாது, குழலே புதிதாக வேண்டும். .303இன் அடியில் விளிம்பு உண்டு. ரவை அறைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. 7.62இல் அந்தப் புடைத்த விளிம்பு இல்லாததால் கோதின் தோள் அந்த வேலையைச் செய்கிறது. எனவே கோதைப் பிடித்து இழுக்கும் கொக்கி, மெகசீன், வெளியே தள்ளும் முனை எல்லாம் மாறியாக வேண்டும். அழுத்தத்தில்தான் பெரிய கவலை. ஐரோப்பிய அளவுகோலில் .303இன் உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல், 7.62க்கு இணையான .308இனது 415. லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வது. மௌசர் றைபிளைப் போல ரவைக்கு அருகிலேயே அது பூட்டப்படுவதில்லை. வெடிப்பின் உதையில் போல்ட்டும் சட்டமும் சற்றே நெளிந்து மீள்கின்றன. மௌசர்களை 7.62க்கு மாற்றிய இஸ்ரேலுக்கு இந்த இடைஞ்சல் இருக்கவில்லை.

பிரித்தானியர் நான்காம் இலக்க லீ-என்ஃபீல்ட் றைபிளை 7.62க்கு மாற்ற முதலில் எடுத்த முயற்சி, குறி திருப்தியாக அமையாமல் கைவிடப்பட்டது. 1970இல் வந்த எல்42ஏ1 றைபிளில் அது வென்றது. கனமான புதுக் குழலைப் போட்டார்கள். முன்மரத்தை வெட்டிக் குறைத்து, குழல் எதிலும் முட்டாமல் நிற்கச் செய்தார்கள். ஈரத்தில் மரம் ஊதிக் குழலை நெரித்தால் குறி விலகும் என்பதைக் கண்டியின் மழைக்காலம் அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தியாவின் ஈஷாப்பூர் தொழிற்சாலையோ 1962 சீனப் போருக்குப் பின் பழையதைத் தொடவே இல்லை. மேலான உருக்கில் சட்டத்தையே புதிதாக உருவாக்கி 7.62 றைபிள் செய்தது. எனக்கு மிக நேர்மையாகப் படும் விடை இதுதான்.

ஆட்சியின் கட்டுப்பாட்டுக்காகவும் ரவையை மாற்றியிருக்கிறார்கள். அதே ஈஷாப்பூரில், காலனி ஆட்சியின்போது .303 றைபிள்களின் குழலை வரிப்பள்ளமில்லாத .410 ஆக்கி, மெகசீனை மரக்கட்டையால் அடைத்துப் பொலிஸாரிடம் கொடுத்தார்கள். ஆள்பவர் தம் காவலரையே நம்பாததன் சின்னம் அது. அடிவரை வேலை சுத்தம், நோக்கம் அசிங்கம். பொதுமக்கள் கையில் .303 இருக்கக்கூடாது என்ற அதே அச்சத்தால் இந்தியாவில் .315 றைபிள்கள் பெருகின.

இன்று மலைநாட்டில் இந்த மாற்றத்துக்கு என்ன தேவை? பயிரைத் தின்னும் பன்றிக்கு நேட்டோ ரவை வேண்டாம். இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தில் ஒன்றும் கையில் வேறொன்றுமாக ஒரு துவக்கை வைத்திருப்பதும் வீண் வம்பு. ரவை கிடைப்பது அருமை என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ஆனாலும் சுடாமல் வைத்திருப்பது அதைவிட மலிவு. லீ-என்ஃபீல்டின் சட்டம், குழல், போல்ட் மூன்றிலும் பெரும்பாலும் ஒரே இலக்கம் அடித்திருப்பார்கள். அந்தத் துவக்கின் வரலாற்றைத் தேடத் தொடங்குபவருக்கு அந்த இலக்கம் ஒரு பிடி. குழல் போனால் மூன்றில் ஒன்று போய்விடும். மாற்றியே தீர வேண்டும் என்பவர் புதுக் குழலில் ரவையின் பெயரை ஆழமாகப் பொறிக்கட்டும். கழற்றிய பழைய குழலை இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெய் பூசித் துவக்கோடு சேர்த்தே வைக்கட்டும்.