காளைத் தலைக்கு வாக்களித்த முஸ்லிம்கள்

1955 செப்டம்பர் 29 அன்று நடந்த இந்தோனேசியாவின் முதல் பொதுத் தேர்தலை, இஸ்லாத்துக்கும் தேசியவாதத்துக்கும் இடையிலான பலப்பரீட்சையாகக் காண்பது ஒரு வாய்பாடாகிவிட்டது. இந்தோனேசிய தேசியக் கட்சி 22.3 விழுக்காடு வாக்குகளுடன் முதலிடம் பெற்றது. மஸ்யூமி 20.9, நஹ்ததுல் உலமா 18.4, கம்யூனிஸ்ட் கட்சி 16.4. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடே இஸ்லாமிய அரசியலை நிராகரித்துவிட்டது என்பது இவ்வெண்களிலிருந்து பெறப்படும் முடிவு.

இம்முடிவு நமக்கு உடன்பாடானதன்று. மஸ்யூமியும் நஹ்ததுல் உலமாவும் 1952 வரை ஒரே கட்சியாக இருந்தவை. பிரிவினைக்குக் கொள்கை வேறுபாடுகள் பல கூறப்படினும், உடனடிக் காரணம் மார்க்க விவகார அமைச்சு நஹ்ததுல் உலமாவின் கையிலிருந்து முஹம்மதிய்யாவைச் சேர்ந்தவருக்குச் சென்றதே. மறு ஆண்டே தேசியக் கட்சியின் அலி சாஸ்த்ரோஅமிஜோயோ அமைத்த அமைச்சரவையில் உலமாக்களின் கட்சி பங்காளியாயிற்று. மஸ்யூமி வெளியே நின்றது. தேசியவாதம் இஸ்லாத்தை வென்றது என்போர் இக்கூட்டணிக்கு எங்கே இடம் வைப்பர்?

இவ்வாசிப்புக்கு அறிவுலகத் தகுதி அளித்ததில் மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸுக்குப் பெரும் பங்குண்டு. கிழக்கு ஜாவாவின் ஒரு சிற்றூரில் 1950களில் களஆய்வு செய்த அவர், 1960இல் வெளியான 'ஜாவாவின் மதம்' நூலில் மக்களை மூவகையினராகப் பிரித்தார்: பேணுதலுள்ள சந்த்ரி, கிராமியச் சடங்குகளில் திளைக்கும் அபங்கான், அதிகார மேட்டுக்குடியான ப்ரியாயி. தேசியக் கட்சியின் வாக்குகள் பின்னிரு வகையினருடையவை எனக் கணக்கிடுவது பின்வந்தோர்க்கு எளிதாயிற்று. சலாமத்தான் விருந்தில் அரபு துஆ ஓதப்படுவதை அவர் பதிவு செய்யாமலில்லை. அதற்கு அவர் தந்த எடைதான் குறைவு. சீர்திருத்த முஸ்லிம்கள் எதை இஸ்லாம் என்றார்களோ அதை மட்டுமே இஸ்லாமாக ஏற்று, எஞ்சியதை இந்து பௌத்த எச்சமாகத் தள்ளிவிட்டார் என்ற மார்ஷல் ஹாட்ஜ்சனின் கண்டனம் மிகச் சரியானது. 1989இல் மார்க் வுட்வர்ட், யோக்யகர்த்தாவை ஆராய்ந்து, எச்சம் எனப்பட்டவற்றுள் பல தஸவ்வுஃப் மரபில் வேர்கொண்டவை என நிறுவ முயன்றார். எனினும் 'பெயரளவு முஸ்லிம்' என்ற சொல் இன்றும் கூச்சமின்றிப் புழங்குகிறது.

கட்சியின் வளர்ச்சியைக் கலிமாவின் உறுதியைக் கொண்டு அளப்பதைவிட, கிராம நிர்வாகத்தைக் கொண்டு அளப்பதே தக்கது. 1927இல் பாண்டுங்கில் சுகர்னோ தொடங்கிய பழைய கட்சி, டச்சு ஆட்சி அவரைச் சிறையிட்டபின் 1931இல் கலைந்தது. 1946இல் எழுந்த புதிய கட்சிக்கு அவர் தலைவரல்லர். குடியரசுத் தலைவராகக் கட்சிக்கு வெளியே இருந்தார். ஆயினும் பழைய பெயரும் அவரது நிழலும் கட்சியோடிருந்தன. அவற்றினும் வலியது, டச்சு ஆட்சி விட்டுச்சென்ற ஜாவாவின் நிர்வாகப் படிக்கட்டு. வட்டார அதிகாரிகள் பலர் கட்சியின் பக்கம் சாய்ந்தனர். ஊர்த்தலைவர் சுட்டிய சின்னத்தை ஊர் ஏற்றது. அலி அமைச்சரவையின் பொருளாதார அமைச்சர் இஸ்காக், கட்சிக்கு வேண்டியவர்களுக்கு இறக்குமதி உரிமங்களை வாரி வழங்கினார். தேர்தலுக்குப் பணம் சேர்ந்தது. இதில் இறைநம்பிக்கையின் வலுவோ தளர்வோ எங்கே வருகிறது?

அத்தகைய ஆதரவு எவ்வளவு நிலையற்றது என்பதை 1957ஆம் ஆண்டின் வட்டாரத் தேர்தல்கள் காட்டின. ஜாவாவில் தேசியக் கட்சியின் வாக்குகள் பெருமளவு கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சென்றன. காளைத் தலைக்கு வாக்களித்த கிராமத்தவர், நிலத்தைப் பற்றிப் பேசியவர்களை நாடினர். எட்டாண்டுகள் கழிந்து, 1965-66 படுகொலைகளில் வீழ்ந்த பல்லாயிரவருள் இத்தகைய கிராமத்தவர் திரளாக இருந்தனர். கிழக்கு ஜாவாவில் இராணுவத்துக்குத் துணைநின்றோரில் நஹ்ததுல் உலமாவின் இளைஞர் அணியும் இருந்தது. கொல்லப்பட்டவர்களின் ஈமானை ஐயுறுவதற்கு 'அபங்கான்' என்ற ஒரு சொல் தயாராக இருந்தது. 2000ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவராயிருந்த அப்துர்ரஹ்மான் வஹீத், தம் இயக்கத்தவரின் பங்குக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் அவ்வியக்கத்தை நிறுவியவரின் பேரர்.